தாலந்து – திறமையா, பொறுப்பா?

வாசிக்க வேண்டிய பகுதி: மத்தேயு 25:14–30



இந்த மாதம் ஒரே ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு தியானிப்போம். அது நாம் தினமும் கேட்கிற இங்கிலீஷ் வார்த்தை: டேலன்ட். டி.வி.யில் டேலன்ட் ஷோ, ஸ்கூலில் டேலன்ட் டெஸ்ட், வேலைக்கு ஆள் எடுக்கிற கம்பெனியிலும் டேலன்ட் என்றுதான் பேச்சு. சபைக்குள்ளும் இந்த வார்த்தை வந்து உட்கார்ந்திருக்கிறது. வாலிபர் கூட்டத்தில் தாலந்துப் போட்டி வைக்கிறோம். யாராவது நன்றாகப் பாடினால், "அந்தத் தம்பிக்கு நல்ல தாலந்து இருக்கு" என்கிறோம். கீபோர்டு வாசித்தால் தாலந்து, பிரசங்கம் பண்ணினால் தாலந்து. அப்படியானால் பாட்டும் வராமல், பேச்சும் வராமல், பின்வரிசையில் பாயில் உட்கார்ந்து ஜெபித்துவிட்டுப் போகிறவர்களுக்கு என்ன இருக்கிறது? அவர்களுக்குக் கர்த்தர் ஒன்றுமே கொடுக்கவில்லையா?

இந்தக் கேள்விக்கு வேதம் சொல்லும் பதில், அந்த வார்த்தைக்குள்ளேயே இருக்கிறது. அது பிறந்த இடத்திலிருந்து பார்த்துக்கொண்டு வருவோம்.

1. இங்கிலீஷுக்கு இந்த வார்த்தை எப்படி வந்தது?

இங்கிலீஷ்காரர்கள் இதை லத்தீனிலிருந்து எடுத்தார்கள். லத்தீனில் தாலென்தும். லத்தீனுக்கு இது கிரேக்கிலிருந்து போனது. கிரேக்கில் தாலன்டோன். அதற்கு முதல் அர்த்தம் திறமை அல்ல, தராசு. பிறகு தராசில் வைத்து நிறுக்கிற எடைக்கு அந்தப் பெயர் வந்தது. அதற்குப் பிறகு, அந்த எடையுள்ள வெள்ளிக்கும் பொன்னுக்கும் அதே பெயர் ஆயிற்று. கிராம், கிலோ என்று நாம் சொல்வதுபோல அந்தக் காலத்து ஜனங்கள் தாலந்து என்றார்கள். அவ்வளவுதான்.

நடுவிலே ஒரு சின்னத் திருப்பம். இடைக்காலத்தில் லத்தீனிலும் பழைய பிரெஞ்சிலும் இந்த வார்த்தைக்கு மனசின் விருப்பம், நாட்டம் என்றும் அர்த்தம் இருந்தது. தராசுத் தட்டு ஒரு பக்கம் சாய்கிறதுபோல மனசு ஒரு பக்கம் சாய்கிறது. அந்த அர்த்தம் இங்கிலீஷிலும் கொஞ்ச காலம் வழங்கியது.

திறமை என்ற அர்த்தம் எப்போது வந்தது? சுமார் 15-ஆம் நூற்றாண்டில். எங்கிருந்து வந்தது? மத்தேயு 25-ஆம் அதிகாரத்திலிருந்துதான். இயேசு சொன்ன உவமையைப் பிரசங்கிமார் திரும்பத்திரும்பப் பிரசங்கித்தார்கள். "எஜமான் கொடுத்த பணம்போல தேவன் நமக்குத் திறமைகளைக் கொடுத்திருக்கிறார்" என்று விளக்கினார்கள். கேட்டுக்கேட்டு, எடையின் பெயரே திறமையின் பெயராகிவிட்டது. இன்றைக்கு டி.வி.யில் டேலன்ட் என்று சொல்லுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது ஆண்டவருடைய உவமையிலிருந்து வந்த வார்த்தை என்று தெரியும்? உலகம் வார்த்தையை எடுத்துக்கொண்டது. கொடுத்த எஜமானை விட்டுவிட்டது.

2. எபிரெயத்தில் என்ன?

பழைய ஏற்பாட்டில் தாலந்து என்று நாம் வாசிக்கிற இடங்களில் எபிரெய வார்த்தை கிக்கார். அதற்கு வட்டமானது என்று அர்த்தம். வட்டமான அப்பத்துக்கும் அதே வார்த்தை வருகிறது. பொன்னையும் வெள்ளியையும் வட்டமாக வார்த்து வைத்ததால் அந்தப் பெயர் வந்திருக்கலாம்.

ஒரு தாலந்துக்கு எத்தனை சேக்கல் என்று வேதத்திலேயே கணக்குப் போடலாம். யாத்திராகமம் 38:25, 26-ஐ எடுத்துப் பாருங்க. எண்ணப்பட்டவர்கள் 6,03,550 பேர். தலைக்கு அரைச்சேக்கல். ஆக 3,01,775 சேக்கல். அதை வேதம் நூறு தாலந்து, 1,775 சேக்கல் என்று சொல்கிறது. 1,775-ஐக் கழித்தால் மூன்று லட்சம். நூறால் வகுத்தால் ஒரு தாலந்துக்கு 3,000 சேக்கல். நம் பிள்ளைகளை உட்காரவைத்து இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்க. வேதத்தின்மேல் பிரியம் வரும்.

எடை எவ்வளவு? எபிரெயத் தாலந்து ஏறக்குறைய 34 கிலோ. கிரேக்கருடைய தாலந்து ஏறக்குறைய 26 கிலோ. மளிகைக் கடையில் 25, 26 கிலோ அரிசிச் சிப்பம் வாங்கித் தோளில் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அது என்ன பாரம் என்று தெரியும். ஆசரிப்புக் கூடாரத்துக் குத்துவிளக்கு முழுவதும் ஒரு தாலந்து பசும்பொன் (யாத். 25:39). நாகமான் கேயாசிக்குக் கொடுத்த இரண்டு தாலந்து வெள்ளியை இரண்டு பைகளில் கட்டி, இரண்டு வேலைக்காரர் சுமந்து போனார்கள் (2 இராஜா. 5:23). ஒரு தாலந்து என்பது ஒரு ஆள் சுமை. இதை மறந்துவிடாதீங்க. பின்னால் தேவைப்படும்.

3. நம் தமிழில் இதற்கு என்ன வார்த்தை?

தமிழ் வேதாகமத்தில் மத்தேயு 25-இல் தாலந்து என்றே இருக்கிறது. இது கிரேக்க வார்த்தையே தமிழ் உடை உடுத்திக்கொண்டு வந்தது. லூக்கா 19-ஆம் அதிகாரத்தில் இதே மாதிரி இன்னொரு உவமை இருக்கிறது. அங்கே எஜமான் கொடுத்தது மினா என்ற சின்ன அளவு. அறுபது மினா சேர்ந்தால் ஒரு தாலந்து. நம் பழைய திருப்புதலில் மினாவை ராத்தல் என்று மொழிபெயர்த்தார்கள். ராத்தல் அரபு வியாபாரிகளோடு வந்த வார்த்தை. அந்தக் காலத்து ஜனங்களுக்குப் புரிகிற கடைத்தெரு வார்த்தை அதுதான். தராசு என்கிறோமே, அதுவும் பாரசீகத்திலிருந்து வந்தது. மார்க்கெட் உள்ள ஊரில் எல்லா பாஷையும் வந்து கலக்கும். உக்கடத்தில் இருக்கிற நமக்கு இதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

துலாம் என்ற வார்த்தை உங்களுக்குத் தெரியும். நாம் ராசி பார்க்கிறவர்கள் அல்ல. ஆனாலும் காலண்டரில் தராசுப் படம் போட்டு துலாம் என்று எழுதியிருப்பதைப் பார்க்காதவர் இல்லை. துலாக்கோல் என்றால் தராசு. கிணற்றில் தண்ணீர் இறைக்கிற ஏற்ற மரத்துக்கும் துலா என்று பேர். நூறு பலம் கொண்ட பழைய எடைக்கும் துலாம் என்றே பேர். இது சமஸ்கிருதத்திலிருந்து தமிழுக்கு வந்தது. மொழி ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள்: சமஸ்கிருதத்துத் துலாவும் கிரேக்கத்துத் தாலன்டோனும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. அந்த வேருக்கு அர்த்தம் தூக்குதல், தாங்குதல், சுமத்தல். இங்கிலீஷில் டாலரேட் என்று ஒரு வார்த்தை உண்டே, பொறுத்துக்கொள்ளுதல். அதுவும் இந்த வேரில் முளைத்ததுதான்.

இங்கேதான் நம் தமிழின் அழகு. தமிழில் பொறு என்ற வேர் இருக்கிறது. பொறுத்தல் என்றால் தாங்குதல். பொறை என்றால் பழைய தமிழில் சுமை. அதிலிருந்து வந்தது பொறுமை. அதிலிருந்தே வந்தது பொறுப்பு. கிரேக்க வேரில் என்ன அர்த்தம் இருக்கிறதோ, அதே அர்த்தம் இந்த வேரிலும் இருக்கிறது. அகராதியில் டேலன்ட் என்றால் திறமை, ஆற்றல், திறன் என்று போட்டிருப்பார்கள். இன்றைய இங்கிலீஷுக்கு அது சரி. ஆனால் ஆண்டவர் சொன்ன தாலந்துக்கு நல்ல தமிழ் கேட்டால், நான் பொறுப்பு என்றுதான் சொல்வேன். ஒருவர் நம்பி நம்மேல் தூக்கி வைத்த சுமை.

4. ஒரு தாலந்து கொஞ்சமா?

ஒரு தாலந்து வாங்கினவனைப் பற்றிப் பிரசங்கம் பண்ணும்போது, "பாவம், அவனுக்குக் கொஞ்சம்தான் கிடைத்தது" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிரேக்க ரோமக் கணக்கில் ஒரு தாலந்துக்கு 6,000 வெள்ளிக்காசு. திராட்சத்தோட்ட உவமையில் (மத். 20:2) கூலியாளுக்கு நாளொன்றுக்கு அப்படிப்பட்ட காசு ஒன்று கூலி. ஆக 6,000 நாள் கூலி. ஓய்வுநாளும் பண்டிகையும் போக வருஷத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் 20 வருஷ உழைப்பு!

நம்ம ஊர்க் கணக்கில் நாள் கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்க. ஒரு தாலந்து 36 லட்சம் ரூபாய். இரண்டு வாங்கினவனுக்கு 72 லட்சம். ஐந்து வாங்கினவனுக்கு ஒரு கோடியே 80 லட்சம். வாங்கினவர்கள் யார்? ஊழியக்காரர்கள், சொந்தமென்று ஒன்றும் இல்லாதவர்கள். அவர்கள் கையில் எஜமான் இவ்வளவையும் கொடுத்துவிட்டுத் தூரதேசம் போகிறான். இதில் யார் ஏழை? ஒருவனும் இல்லை. கணக்குக் கேட்கும்போது அந்த எஜமான் கோடிக்கணக்கான பணத்தைக் கொஞ்சம் என்று சொல்கிறான் (வச. 21). அவனுக்குக் கொஞ்சம், நமக்கு ஆயுசு முழுக்கச் சம்பாதித்தாலும் சேராத தொகை.

5. வெள்ளலூர் மண் சொல்லும் பாடம்

மூன்றாவது ஊழியக்காரன் நிலத்தைத் தோண்டிப் புதைத்தான். இது நடக்குமா என்று கேட்கலாம். நடக்கும் என்பதற்கு அத்தாட்சி நம் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது.

வெள்ளலூர் என்றால் இன்றைக்கு நமக்குக் குப்பைக் கிடங்குதான் ஞாபகம் வரும். ஆனால் உக்கடத்திலிருந்து சில கிலோமீட்டர் தென்கிழக்கே, நொய்யல் ஓரத்தில் இருக்கிற அந்த வெள்ளலூர், சரித்திரப் புத்தகங்களில் பெயர் பெற்ற ஊர். 1842-ஆம் வருஷம் அங்கே மண்ணுக்குள்ளிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோம வெள்ளிக்காசுகள் வெளியே வந்தன. பெரும்பாலானவை அகுஸ்து, திபேரியு என்ற இரண்டு இராயர்கள் அடித்த காசுகள். இந்தப் பேர்களை எங்கே கேட்டிருக்கிறோம்? இயேசு பிறந்தபோது குடிமதிப்பு எழுதச் சொன்னவன் அகுஸ்துராயன் (லூக். 2:1). யோவான்ஸ்நானன் பிரசங்கித்தபோது ஆண்டவன் திபேரியுராயன் (லூக். 3:1). ஆண்டவர் கையில் காட்டப்பட்ட வரிக்காசு (மத். 22:19) திபேரியுவின் வெள்ளிக்காசாக இருந்திருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. கலிலேயாவில் கூலிக்காரன் கைக்கு வந்த அதே ஜாதிக் காசு, நம் கொங்கு மண்ணிலும் புதைந்து கிடந்தது!

எப்படி வந்தது? வியாபாரத்தில் வந்தது. காங்கேயத்துக்குப் பக்கத்தில் படியூரில் கிடைத்த பச்சைக் கற்களுக்கும், கொடுமணலில் பட்டை தீட்டிய மணிகளுக்கும் ரோமாபுரியில் நல்ல விலை. மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காவேரிக்கரைக்குப் போகிற பாதை நம் பகுதி வழியாகத்தான் போனது. அந்தப் பாதையில் வந்த காசை யாரோ ஒருவர் வெள்ளலூரில் பத்திரமாகப் புதைத்தார். திரும்ப வந்து எடுக்கவில்லை.

சுமார் 1,800 வருஷம் அந்த வெள்ளி மண்ணுக்குள் கிடந்தது. தொலையவில்லை. திருடு போகவில்லை. ஆனால் ஒரு பிள்ளைக்குப் பால் வாங்கவில்லை, ஒரு கூலியாளுக்குக் கூலியாகவில்லை, ஒரு விதவையின் கடனைத் தீர்க்கவில்லை. தோண்டி எடுத்தபோது புதைத்தவர் பேர்கூட யாருக்கும் தெரியவில்லை. பத்திரம் என்றால் அது நல்ல பத்திரம். பிரயோஜனம் என்றால் ஒன்றுமில்லை.

இன்னொன்றும் கவனியுங்க. அந்தப் பெரிய புதையலில் இருந்தது ஐந்நூற்றுச் சொச்சம் காசு. ஒரு தாலந்துக்கோ 6,000 காசு. வெள்ளலூர்ப் புதையலைப் போலப் பதினொன்று, பன்னிரண்டு புதையல் சேர்ந்தால்தான் ஒரு தாலந்து. அத்தனையையும் அந்த ஊழியக்காரன் குழி தோண்டிப் புதைத்தான்! வியாபாரம் பண்ணப் பயந்தவன், குழி தோண்ட மட்டும் எவ்வளவு பிரயாசப்பட்டிருப்பான்! ஊழியம் செய்யாமல் இருப்பதற்கும் பிரயாசம் தேவைப்படுகிறது, பிரியமானவர்களே.

6. திறமை வேறு, தாலந்து வேறு

இப்போது வேதாகமத்தைத் திறந்து மத்தேயு 25:15-ஐ மெதுவாக வாசியுங்கள். அந்த ஒரே வசனத்தில் திறமை என்ற வார்த்தையும் இருக்கிறது, தாலந்து என்ற வார்த்தையும் இருக்கிறது. எஜமான் அவனவன் திறமையைப் பார்த்து, அதற்குத் தக்கதாகத் தாலந்து கொடுத்தான். இரண்டும் ஒன்றாக இருந்தால் வசனத்துக்கு அர்த்தமே இல்லை. திறமை என்பது தாங்குகிற தோள். தாலந்து என்பது தோளில் வைத்த மூட்டை. தோளைப் பார்த்துத்தான் மூட்டை வைக்கப்படுகிறது. லாரிப்பேட்டையில் சுமை தூக்குகிற சகோதரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தூக்கி விடுகிறவன், எதிரே நிற்கிறவன் தாங்குவானா என்று பார்த்துத்தான் ஏற்றிவிடுவான்.

அந்தத் திறமை என்ற இடத்தில் கிரேக்க வார்த்தை என்ன தெரியுமா? டுனாமிஸ். பெந்தெகொஸ்தேக்காரராகிய நமக்கு இது தெரிந்த வார்த்தை. அப்போஸ்தலர் 1:8-இல் பரிசுத்த ஆவி வரும்போது நாம் அடைவோம் என்று வாக்குப்பண்ணப்பட்ட பெலன், அதே டுனாமிஸ்தான். 1867-இல் ஆல்பிரட் நோபல் தன் வெடிமருந்துக்கு டைனமைட் என்று பேர் வைத்ததும் இந்த வார்த்தையிலிருந்துதான். ஆனால் வெடிமருந்தை வைத்து வசனத்துக்கு அர்த்தம் சொல்லாதீர்கள். வசனம் முதலில், வெடிமருந்து வெகுகாலத்துக்குப் பின்பு. வசனம் பேசுவது இடிக்கிற பெலனை அல்ல, சாட்சியாய் நிற்கிற பெலனை.

இதில் நமக்கு என்ன ஆறுதல்? மூட்டையை வைக்கிறவரே பெலனையும் தருகிறார். "எனக்குப் பெலன் இல்லை, அதனால் பொறுப்பு வேண்டாம்" என்று சொல்ல நமக்கு இடமில்லை. மேலறையில் காத்திருந்து ஜெபித்தவர்கள்மேல் இறங்கின அதே ஆவியானவர் இன்றைக்கும் இருக்கிறார். அல்லேலூயா!

வரம் என்ற வார்த்தையையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1 கொரிந்தியர் 12-இல் வருகிற வரங்களுக்குக் கிரேக்கில் காரிஸ்மா. கிருபையாய்க் கிடைத்த ஈவு என்று பொருள். 1 பேதுரு 4:10 அந்த வரத்தைப் பெற்றவனை உக்கிராணக்காரனுக்கு ஒப்பிடுகிறது. உக்கிராணம் என்றால் பண்டகசாலை. சாவி அவன் இடுப்பில் இருக்கும், சரக்கு முதலாளியுடையது. பாடுகிற குரல் திறமை. தீர்க்கதரிசனம் வரம். அந்தக் குரலையும் அந்த வரத்தையும் வைத்துக்கொண்டு யாருக்கு என்ன செய்யவேண்டும் என்று கர்த்தர் ஒப்படைத்திருக்கிறாரோ, அது தாலந்து.

7. அவன் ஏன் புதைத்தான்?

சோம்பல் என்று எஜமான் சொன்னான், உண்மை. ஆனால் அந்தச் சோம்பலுக்கு அடியில் ஒரு வேர் இருக்கிறது. 24, 25 வசனங்களில் அவனே அதைச் சொல்கிறான். எஜமானைக் கடினமானவன் என்று எண்ணினான்; பயந்தான். தோற்றுப்போனால் என்ன செய்வாரோ என்ற பயம். யூத ரபீமாருடைய மரபில் அடுத்தவன் பணத்தை மண்ணில் புதைத்துவைப்பது நல்ல காவலாகவே எண்ணப்பட்டது. ஆகவே அவன் தான் செய்தது சரி என்றுகூட எண்ணியிருப்பான். எஜமான் கேட்டது காவல் அல்ல, வியாபாரம்.

நம் சபைகளிலும் இந்தப் பயம் உண்டு. "நான் ஜெபத்தை நடத்தி, நடுவில் வார்த்தை வராமல் நின்றுவிட்டால் சிரிப்பார்களே." "சாட்சி சொல்லித் தப்பாகப் போனால்?" "அந்த வீட்டுக்குப் போய், அவர்கள் மூஞ்சி கொடுத்துப் பேசாவிட்டால்?" இப்படியே குழி ஆழமாகிக்கொண்டு போகிறது.

இந்தப் பயத்துக்கு மருந்து மத்தேயு 18-இல் இருக்கிறது. அங்கேயும் தாலந்துதான் வருகிறது. ஒருவன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருந்தான். நாம் போட்ட கணக்கில் 3,600 கோடி ரூபாய்! கூலி வேலை செய்து தீர்க்க இரண்டு லட்சம் வருஷம் வேண்டும். ராஜா மனதிரங்கி அதை முழுவதும் மன்னித்துவிட்டார். அவனுக்கு இன்னொருவன் கொடுக்கவேண்டியது நூறு வெள்ளிப்பணம். 60 ஆயிரம் ரூபாய். அதற்காக அவன் தொண்டையைப் பிடித்தான்.

18-ஆம் அதிகாரம் முதலில் வருகிறது, 25-ஆம் அதிகாரம் பிறகு வருகிறது. நம்மிடத்தில் தாலந்தை ஒப்படைக்கிறவர் யார்? பதினாயிரம் தாலந்தைச் சிலுவையில் தம்முடைய இரத்தத்தால் தீர்த்தவர். அவ்வளவு பெரிய கடனை மன்னித்தவர், வியாபாரத்தில் கொஞ்சம் முன்னே பின்னே ஆனதற்காக நம்மைத் தள்ளிவிடுவாரா? அந்த ஊழியக்காரனுக்குத் தாலந்தின் விலை தெரியும். எஜமானுடைய மனசு தெரியவில்லை. அங்கேதான் அவன் விழுந்தான்.

8. அப்படியானால் என் தாலந்து எது?

வேதபாட வகுப்பில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, மீன் மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிற ஒரு சகோதரி எழுந்து கேட்டார்கள்: "ஏனுங்கய்யா, எனக்குப் பாடவும் வராது, பேசவும் வராது. பைபிளே எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறனுங்க. எனக்கு ஆண்டவரு தாலந்தே குடுக்கலீங்களா?"

நான் கேட்டேன்: "ராத்திரி தூக்கம் வராம, யாரையாவது நெனச்சு ஜெபம் பண்றீங்களாம்மா?"

"பண்றனுங்க. எங்க சந்துல ஒரு பாட்டி, கண்ணு தெரியாம தனியாக் கெடக்குதுங்க. விடியால மார்க்கெட்டுக்குப் போகையில ஒரு போசியில காப்பி ஊத்திக் குடுத்துட்டுப் போவேன். பகலெல்லாம் அது சாப்பிட்டுச்சா, எங்கியாச்சும் விழுந்து கெடக்குதான்னு மனசு அடிச்சுக்குமுங்க."

"அதுதாம்மா உங்க தாலந்து."

"அதெல்லாம் ஒரு வேலைங்களா? அதுக்கெல்லாமா ஆண்டவரு கணக்குப் பாப்பாரு?"

நான் அவர்களையே மத்தேயு 25-ஐத் தொடர்ந்து வாசிக்கச் சொன்னேன். எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். தாலந்து உவமை 30-ஆம் வசனத்தில் முடிகிறது. 31-இல் மனுஷகுமாரன் மகிமையோடு வந்து கணக்குக் கேட்கிறார். என்ன கணக்கு? பசியாயிருந்தவனுக்குப் போஜனம், தாகமாயிருந்தவனுக்குத் தண்ணீர், வியாதியாயிருந்தவனுக்கு விசாரிப்பு. அங்கே பாட்டும் மேடையும் பேசப்படவில்லை. 40-ஆம் வசனத்தை வாசித்து முடித்தபோது அந்தச் சகோதரி ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

பெந்தெகொஸ்தே சபைகளில் நமக்குப் பழக்கமான ஒரு வார்த்தை உண்டு: பாரம். ஆத்தும பாரம், ஜெப பாரம் என்கிறோம். பாரம் என்பதும் நம் முன்னோருடைய ஒரு எடைதான். வியாபாரிகள் சரக்கை மணங்கு, பாரம் என்று நிறுத்தார்கள். "இந்தப் பிள்ளைகளைக் குறித்து எனக்குப் பாரமா இருக்கு" என்று நீங்கள் சொல்கிறீர்களே, அந்த நிமிஷம் உங்கள் தாலந்தின் பேரைத்தான் சொல்கிறீர்கள். எது உங்கள் நெஞ்சைக் கனக்கப் பண்ணுகிறதோ, அது அநேகமாக எஜமான் உங்கள்மேல் வைத்த மூட்டை.

ஆகவே நான் உங்களுக்குச் சொல்லும் ஆலோசனைகள் இவை.

முதலாவது, "எனக்கு என்ன திறமை இருக்கிறது?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "ஆண்டவரே, யாரை என்மேல் பொறுப்பாக வைத்திருக்கிறீர்?" என்று கேளுங்கள். முதல் கேள்வி நம்மைக் கண்ணாடி முன்னால் நிறுத்தும். இரண்டாவது கேள்வி நம்மை அடுத்த வீட்டு வாசலுக்கு அனுப்பும்.

இரண்டாவது, அடுத்தவர் மூட்டையைப் பார்க்காதீர்கள். ஐந்து தாலந்துக்காரனுக்கும் இரண்டு தாலந்துக்காரனுக்கும் எஜமான் சொன்ன பாராட்டு ஒன்றுதான். 21-ஆம் வசனத்தையும் 23-ஆம் வசனத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே மெச்சுதல், அதே சந்தோஷம். எத்தனை என்று கேட்கவில்லை; உண்மையாயிருந்தாயா என்று பார்த்தார்.

மூன்றாவது, தனியாகச் செய்யப் பயமாக இருந்தால், கூட்டாகச் செய்யுங்கள். காசுக்காரரிடத்திலாவது போட்டிருக்கலாமே என்று எஜமான் கேட்டான் (வச. 27). ஆஸ்பத்திரிக்குப் போய் ஜெபிக்கத் தயக்கமா? போய்ப் பழகின ஒருவரோடு சேர்ந்து போங்கள். ஞாயிறு பள்ளியில் கதை சொல்லத் தெரியாதா? சொல்கிறவர் பக்கத்தில் இருந்து பிள்ளைகளுக்குப் பென்சில் சீவிக் கொடுங்கள். புதைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நான்காவது, பாடுகிறவர்களுக்கும் வாசிக்கிறவர்களுக்கும் பிரசங்கிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் குரலும் விரலும் நாவும் உங்களுடையது அல்ல. ஜனங்கள் கைதட்டுகிறபோது அந்தக் கைதட்டல் யாருடைய பெட்டிக்குள் போகவேண்டும் என்று யோசியுங்கள். எஜமானுடைய பணத்தில் வந்த லாபத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டவன் இந்த உவமையில் இல்லை. அப்படி ஒருவனும் இருந்திருந்தால், அவன் முடிவு புதைத்தவன் முடிவைவிட நன்றாக இருந்திருக்காது.

தாலந்து என்ற வார்த்தையின் முதல் அர்த்தம் தராசு என்று பார்த்தோம். பெல்ஷாத்சார் ராஜா ஒரு ராத்திரியில் தராசில் நிறுக்கப்பட்டுக் குறையக் காணப்பட்டான் (தானி. 5:27). எஜமான் திரும்பி வருகிற நாள் ஒன்று உண்டு. அந்த நாள் வருமுன்னே, மண்ணுக்குள் எதையாவது புதைத்து வைத்திருந்தால், இன்றைக்கே மண்வெட்டியை எடுங்கள். தோண்டி எடுத்த வெள்ளி எத்தனை வருஷம் ஆனாலும் வெள்ளிதான். கழுவிக் கையில் எடுத்தால் இன்றைக்கும் அதை எஜமானுக்காகச் செலவழிக்கலாம்.

வீட்டுக்கூட்டங்களில் சிந்திக்க:

1. என் மனசைக் கனக்கப் பண்ணுகிற ஒரு ஆள் அல்லது ஒரு காரியம் எது? அதற்காக இந்த வாரம் நான் செய்யக்கூடியது என்ன?

2. எந்தப் பயத்தினால் நான் குழி தோண்டியிருக்கிறேன்?

3. நம் சபையில் பாட்டும் பேச்சும் இல்லாத ஒருவரிடத்தில் கர்த்தர் வைத்திருக்கிற பொறுப்பைக் கண்டு, அதை அவருக்கு எடுத்துச் சொல்லி உற்சாகப்படுத்தியிருக்கிறோமா?

மனப்பாடம் செய்ய: 1 பேதுரு 4:10.

நம்மை நம்பித் தம்முடைய ஆஸ்தியை ஒப்படைத்த கர்த்தர், அதைச் சுமக்க ஆவியின் பெலனையும் தந்து, அவர் வருகையில் நாம் வெட்கப்படாதபடி நம் யாவரையும் காப்பாராக. ஆமென். மாரநாதா!